அம்மா தன் கருப்பையைத் தருகிறேன் என்கிறார்: மருத்துவர்களிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

தளிர்மனம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பகுதியை நெடுநாளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

எனக்கு 29 வயது. பதினாறு வயதாகியும் பூப்பெய்தவில்லையே என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோதுதான், எனக்குப் பிறவியிலேயே கருப்பை உருவாகவில்லை என்று தெரிந்தது. எம்ஆர்கேஎச் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 4,500 முதல் 5,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி அமைகிறதாம். சினைப்பைகள் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. திருமணத்துக்கு முன்பே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தெரிந்துதான் மணந்தார்.

அம்மாவுக்கு 54 வயது. கருப்பை மாற்று அறுவை சிகிச்சை பற்றி எங்கோ படித்துவிட்டு வந்து, "என்னிடம் இருப்பதை எடுத்துக்கொள். எனக்கு இனி அது எதற்கு?" என்றார். அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. மாமியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். என் கணவர் இரவெல்லாம் இணையத்தில் தேடுகிறார். இத்தனை மகிழ்ச்சிக்கு நடுவில் ஒருவர்கூட அம்மாவைப் பார்த்து "உங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்கவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

விரைவில் ஒரு மருத்துவக் குழுவைச் சந்திக்க இருக்கிறோம். அங்கே என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். வெற்றிக் கதைகள் எனக்கு வேண்டாம், அவற்றை நிறையப் படித்தாயிற்று. எங்கெல்லாம் தவறிப்போகலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

செவிலி_ஆம்பல் எழுதியது:

தோழி, நான் உறுப்பு மாற்றுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள். என் அனுபவம் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும்தான். ஆனால் கருப்பை மாற்று பற்றி வெளிவரும் அறிக்கைகளை விடாமல் படித்து வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரிசையைப் புரிந்துகொள்ளுங்கள். கருக்குழாய்களைச் சேர்த்து மாற்றுவதில்லை. ஆகவே இயல்பாகக் கருத்தரிக்க வழி கிடையாது. முதலில் உங்கள் சினைமுட்டைகளை எடுத்து, கணவரின் விந்தணுவோடு சேர்த்து, கருக்களை உறையவைத்துவிடுவார்கள். போதிய கருக்கள் கைவசம் இருந்தால்தான் அறுவைக்கே போவார்கள். பிறகு உங்கள் அம்மாவுக்கு அறுவை, உங்களுக்கு அறுவை. பொருத்திய கருப்பை உயிரோடு இருந்தால் ஓரிரு மாதங்களில் மாதவிடாய் வரும். அதன் பிறகு சில மாதங்கள் காத்திருந்து, ஒரு முறைக்கு ஒரே ஒரு கருவை உள்ளே வைப்பார்கள். குழந்தை சிசேரியன் மூலமே பிறக்கும். ஒன்றோ இரண்டோ குழந்தைகள் பிறந்ததும் கருப்பையை எடுத்துவிடுவார்கள். ஆயுள் முழுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைச் சாப்பிட வேண்டாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. சிறுநீரகம் பெற்றவருக்கு அந்த விடுதலை கிடையாது.

இப்போது உங்கள் அம்மா. இதை எல்லோரும் "சாதாரணமாகக் கருப்பையை எடுப்பது போலத்தான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்படி இல்லை. சாதாரண அறுவையில் இரத்தக் குழாய்களைக் கருப்பைக்குப் பக்கத்திலேயே கட்டி வெட்டிவிடலாம். அந்தக் கருப்பை இனி யாருக்கும் வேண்டாம் அல்லவா? தானத்துக்கு எடுக்கும்போது கருப்பையும் உயிரோடு வேண்டும், இன்னொருவர் உடலில் இணைக்கும் அளவுக்கு நீளமாகத் தமனிகளும் சிரைகளும் வேண்டும். அவற்றை இடுப்புக்குழியின் ஆழம் வரை பின்தொடர்ந்து பிரித்தெடுக்க வேண்டும். சிரைகள் மெல்லியவை, ஆளுக்கு ஆள் கிளை பிரியும் விதம் மாறும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் சிறுநீர்க்குழாய் சரியாக அவற்றுக்கு நடுவில்தான் ஓடுகிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்கில் மருத்துவர் மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம் குழுவினர் 2012, 2013 ஆண்டுகளில் முதல் 9 பெண்களுக்கு இதைச் செய்தபோது, கொடையாளரின் அறுவைக்கு மட்டுமே 10 மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. கொடையாளர்களில் ஒருவருக்குச் சிறுநீர்க்குழாய்க்கும் யோனிக்கும் இடையே ஓட்டை விழுந்து, பிற்பாடு அதைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் டாலஸ் நகரக் குழுவின் ஆய்வில் உயிரோடு இருந்து தானம் தந்த 18 பேரில் 4 பேருக்கு மறுபடி மருத்துவத் தலையீடு தேவைப்படும் அளவுக்குச் சிக்கல் வந்தது. இப்போது ரோபோ உதவியுடன் செய்யும் குழுக்களில் கொடையாளர் விரைவாகத் தேறுகிறார் என்பது உண்மைதான். இருந்தாலும் சிறுநீர்க்குழாய் அங்கேயேதான் இருக்கிறது.

ஆகவே முதல் கேள்வி: "உங்கள் குழு இதுவரை எத்தனை கொடையாளர்களிடமிருந்து கருப்பையை எடுத்திருக்கிறது, அவர்களில் எத்தனை பேருக்குச் சிறுநீர்ப்பாதையில் சேதம் ஏற்பட்டது?" உலகக் கணக்கைச் சொல்லி நழுவினால் விடாதீர்கள். அந்தக் குழுவின் கணக்கைக் கேளுங்கள்.

வெள்ளிவீதி எழுதியது:

ஒரு சின்ன சந்தேகம். அம்மாவின் கருப்பையில் வளர்ந்தால் குழந்தைக்கு அம்மாவின் ஜாடையும் மரபணுவும் வந்துவிடாதா? அப்படியானால் பிறப்பது குழந்தையா, உடன்பிறப்பா? எங்கள் வீட்டுப் பெரியவர் கேட்கச் சொன்னார்.

கருவறிஞன் எழுதியது:

வராது. நான் கருவியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன். முட்டை தளிர்மனத்தினுடையது, விந்தணு அவர் கணவருடையது, மரபணு இந்த இருவரிடமிருந்து மட்டுமே வரும். பெரியவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு வியப்பையும் சேர்த்துச் சொல்லலாம். ஸ்வீடனில் தாயிடமிருந்து கருப்பை பெற்ற மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அதாவது, தான் வளர்ந்த அதே கருப்பையில் தன் பிள்ளையைச் சுமந்திருக்கிறாள் அந்தப் பெண்.

வேங்கைமரம் எழுதியது:

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சையை நான் ஏற்கவில்லை. சிறுநீரகம் இல்லையென்றால் உயிர் போகும். கருப்பை இல்லையென்றால் உயிர் போகாது. நோயில்லாத இரண்டு பெண்களை மேசையில் கிடத்தி, ஒருவரை அறுத்து இன்னொருவருக்குத் தைத்து, எதிர்ப்பாற்றலை அடக்கி, சில ஆண்டுகளில் அதையே மறுபடி வெட்டி எறிவது எந்த மருத்துவ அறத்தில் சேரும்? தத்தெடுக்கலாம். சட்டம் இடம் தரும் நாடுகளில் வாடகைத் தாய் முறை இருக்கிறது. சகோதரி மனம் புண்படும் என்று தெரியும். ஆனால் அவரே "எங்கெல்லாம் தவறிப்போகலாம்" என்று கேட்டிருக்கிறார். என்னைப் பொறுத்தவரை, தவறு ஆரம்பத்திலேயே இருக்கிறது.

நீலவானம் எழுதியது:

வேங்கைமரம், "தத்தெடுக்கலாம்" என்ற சொல்லை இவ்வளவு எளிதாகத் தூக்கிப் போடாதீர்கள். நான் தத்தெடுத்தவள். அதனால் சொல்கிறேன்.

முதல் பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காமல் என் கருப்பையை எடுத்துவிட்டார்கள். குழந்தையும் தங்கவில்லை. கண் விழித்தபோது இரண்டும் இல்லை. சில ஆண்டுகள் கழித்துக் கருப்பை மாற்று பற்றி விசாரித்தோம். என் அக்கா தரத் தயாராக இருந்தாள். நாங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்து, பிறகு மகளைத் தத்தெடுத்தோம். அவள் எனக்குக் கிடைத்த மாற்று ஏற்பாடு என்று யாராவது சொன்னால் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன். இன்னொருவரின் அறுவையைத் தடுப்பதற்கு வாதமாகப் பயன்படுவதற்காக அவள் பிறக்கவில்லை.

கருவைச் சுமக்க வேண்டும் என்ற ஆசை தனி. குழந்தையை வளர்க்க வேண்டும் என்ற ஆசை தனி. எனக்கு இரண்டாவது இருந்தது, முதலாவது அந்தப் பிரசவத்தோடு பயமாக மாறிவிட்டது. தளிர்மனத்துக்கு எது எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். தம்பி, நீங்களோ நானோ அதை அளந்து சொல்ல முடியாது.

செவிலி_ஆம்பல் எழுதியது:

வேங்கைமரத்தின் கேள்வியை மருத்துவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஸ்வீடன் குழு பல ஆண்டுகள் எலி, செம்மறியாடு, குரங்கு வகைகள் என்று படிப்படியாகச் சோதித்துவிட்டு மனிதரிடம் வந்தது. அதற்கு முன்பு நடந்த அவசரத்துக்கு என்ன விலை என்பதும் பதிவாகியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் பொருத்திய கருப்பை, இரத்தக் குழாய்கள் அடைபட்டதால் 99 நாளில் எடுக்கப்பட்டது.

ஒன்றை மட்டும் மறுக்கிறேன். இது மருத்துவர்கள் தங்கள் திறமையைக் காட்டத் தேடிக்கண்டுபிடித்த வேலை என்பது போல எழுதியிருக்கிறீர்கள். 1998இல் ஆஸ்திரேலியாவில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் கருப்பையை இழக்கவிருந்த ஓர் இளம்பெண், தனக்கு வேறொருவரின் கருப்பையைப் பொருத்த முடியாதா என்று பிரான்ஸ்ட்ரோமிடம் கேட்டிருக்கிறார். யோசனை அந்தப் பெண்ணுடையது. நோயாளியே கேட்ட கேள்வியிலிருந்து இந்தச் சிகிச்சை தொடங்கியது.

தளிர்மனம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வேங்கைமரம் அண்ணா, புண்படவில்லை. நீங்கள் எழுதியதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் கோபப்பட்டார், நான் கோபப்படவில்லை.

நீலவானம் அக்கா, உங்கள் வரிகளை மறுபடி மறுபடி படித்தேன். எனக்கு முதலாவது ஆசைதான் அதிகம். வயிற்றில் அசைவதை உணர வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஆம்பல் அக்கா, பொருத்திய கருப்பை நிலைக்காமல் போவதற்கு எவ்வளவு வாய்ப்பு?

செவிலி_ஆம்பல் எழுதியது:

வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கோத்தன்பர்கின் 9 பேரில் 2 பேருக்குச் சில மாதங்களுக்குள் கருப்பையை எடுக்க வேண்டி வந்தது. ஒருவருக்கு இரத்தக் கட்டி, இன்னொருவருக்குத் தீராத தொற்று. மீதி 7 பேரில் 6 பேர் தாயானார்கள், மொத்தம் 9 குழந்தைகள். அவர்களில் முதல் குழந்தை 2014 செப்டம்பரில் பிறந்தது. உலகிலேயே அதுதான் முதல். கருப்பை தந்தவர் 61 வயதான குடும்ப நண்பர். தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறியதால் 32 வாரம் நிறைவதற்குள் சிசேரியன் செய்தார்கள். குழந்தையின் எடை 1,775 கிராம், நலமாக வளர்ந்தது.

டாலஸ் ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தது. 20 பேருக்குப் பொருத்தியதில் 14 பேருக்கு நிலைத்தது. அந்த 14 பேரும் குறைந்தது ஒரு குழந்தையாவது பெற்றார்கள். குழந்தைகளுக்குப் பிறவிக் குறைகள் இல்லை.

இந்த எண்களைச் செய்திகளில் "நூற்றுக்கு நூறு வெற்றி" என்றும் எழுதலாம், "பத்தில் மூன்று தோல்வி" என்றும் எழுதலாம். இரண்டும் அதே ஆய்வுதான். ஆபத்து முன்பகுதியில் குவிந்திருக்கிறது. இரத்தக் குழாய் அடைபட்டால் சில நாட்களிலேயே கருப்பையை எடுக்க நேரிடும். அந்த நிலையில் வீட்டில் இரண்டு படுக்கைகள் இருக்கும். ஒன்றில் நீங்கள், ஒன்றில் அம்மா. அந்த வாரத்துக்கு நீங்கள் இருவரும் தயாரா என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஒற்றைச்சிறுநீரகம் எழுதியது:

பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் என் தம்பிக்குச் சிறுநீரகம் தந்தவன். கருப்பை பற்றி எனக்குத் தெரியாது. கொடுப்பவன் இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியும். அதை மட்டும் சொல்கிறேன்.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வீட்டில் எல்லோருடைய பார்வையும் மாறிவிட்டது. சோறு பரிமாறும்போது எனக்கு முதலில் வைத்தார்கள். தம்பி மனைவி என்னைப் பார்த்தாலே கண்கலங்கினாள். அந்த நிலையில் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எப்படிச் சொல்வது? நான் மனமாரத்தான் கொடுத்தேன், இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் ஒருவேளை மனம் மாறியிருந்தால் அதைச் சொல்ல எனக்கு வாயே வந்திருக்காது.

அந்த வாயைக் கொடுத்தது ஒரு சமூகப் பணியாளர். அறுவைக் குழுவில் சேராதவர், கொடையாளரின் நலனை மட்டும் பார்ப்பவர். என்னைத் தனியாக அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, ஒன்று சொன்னார்: "நீங்கள் வேண்டாம் என்றால் என்னிடம் சொல்லுங்கள் போதும். நீங்கள் தானம் தருவதற்குப் பொருத்தமானவர் இல்லை என்று மட்டும் குடும்பத்திடம் தெரிவிப்போம். காரணத்தை யாரிடமும் சொல்ல மாட்டோம்." அறுவை அரங்குக்குள் போகும் வரை எந்த நேரத்திலும் சொல்லலாம் என்றும் சொன்னார். அந்த அறையிலிருந்து வெளியே வந்த பிறகுதான், நான் கொடுக்க விரும்புகிறேன் என்பது எனக்கே உறுதியானது. மறுக்க வழி இருந்ததால்தான் என் சம்மதம் என்னுடையதாக இருந்தது.

தளிர்மனம், நீங்கள் பார்க்கப்போகும் குழுவிடம் இதைக் கேளுங்கள்: "என் அம்மாவுக்கென்று தனியாக ஒரு மருத்துவரும் ஓர் ஆலோசகரும் உண்டா? அவர்கள் என் சிகிச்சையில் சம்பந்தப்படாதவர்களா?" இரண்டுக்கும் ஒரே ஆள்தான் என்றால் எழுந்து வந்துவிடலாம் என்பேன்.

முல்லைக்கொடி எழுதியது:

நான் ஒரு தாய். என் மகளுக்கும் இதே குறைபாடுதான். இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன், இனிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

அம்மாக்கள் நெருக்கடியில் சம்மதிக்கிறார்கள், அவர்களுக்கு மறுக்க வாயில்லை என்கிறீர்கள். என் மகளுக்குக் கருப்பை இல்லை என்று மருத்துவர் சொன்ன அன்று, நான் கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டேன், எங்கே விழுந்தேன் என்று இரவெல்லாம் கணக்குப் பார்த்தவள் நான். என்னால் ஏதாவது செய்ய முடியும் என்று ஒருவர் சொன்னால் எனக்கு அது நெருக்கடியா? எனக்கு அது மூச்சுவிட ஒரு வழி. 10 மணி நேர அறுவை என்றால் 10 மணி நேரம் படுத்திருக்கிறேன். இதை நான் எடுக்கும் முடிவு என்று யாரும் ஏன் நம்ப மறுக்கிறீர்கள்? வயதானால் எங்களுக்குச் சொந்த விருப்பமே இருக்காதா?

ஒற்றைச்சிறுநீரகம் எழுதியது:

அம்மா, உங்கள் விருப்பத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. என்ன சாப்பிட்டேன், எங்கே விழுந்தேன் என்று கணக்குப் பார்த்தீர்கள் என்கிறீர்களே. செய்யாத குற்றத்துக்குப் பரிகாரமாகக் கொடுக்க நினைத்தால், பொருத்திய கருப்பை நிலைக்காமல் போகும் நாளில் அந்தக் குற்ற உணர்வு இரட்டிப்பாகிவிடும். அதற்காகவாவது தனியாக ஒருவரிடம் பேசுங்கள் என்கிறேன்.

செவிலி_ஆம்பல் எழுதியது:

முல்லைக்கொடி அம்மா, இதை உறுதியாகச் சொல்கிறேன். கருவளர்ச்சியின் முதல் வாரங்களில், முல்லேரியன் குழாய்கள் என்னும் அமைப்பு முழுமையாக வளராமல் நின்றுபோவதால் வருவது எம்ஆர்கேஎச். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாத காலம் அது. நீங்கள் சாப்பிட்டதோ விழுந்ததோ காரணம் ஆகாது. அந்தக் கணக்கை இன்றோடு மூடிவிடுங்கள்.

முல்லைக்கொடி எழுதியது:

இதை எனக்கு இத்தனை ஆண்டுகளில் யாரும் சொன்னதில்லை.

வேங்கைமரம் எழுதியது:

என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். உயிரோடு இருப்பவரை ஏன் அறுக்க வேண்டும்? மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கருப்பையை எடுக்க முடியாதா? அப்படிச் செய்தால் என் எதிர்ப்பில் பாதி குறைந்துவிடும்.

செவிலி_ஆம்பல் எழுதியது:

முடியும். நல்ல கேள்வி இது.

துருக்கியின் அந்தால்யாவில் 2011இல் மூளைச்சாவு அடைந்தவரின் கருப்பையைப் பொருத்தினார்கள். கருப்பை நிலைத்தது, ஆனால் ஆரம்பக் கர்ப்பங்கள் தங்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2020இல்தான் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அதற்குள் பிரேசிலின் சாவோ பாவ்லோ முந்திவிட்டது. 2016 செப்டம்பரில் பொருத்தி, 2017 டிசம்பரில் பெண் குழந்தை, 2,550 கிராம். மறைந்த கொடையாளரின் கருப்பையில் பிறந்த முதல் குழந்தை அதுதான். சிசேரியனின்போதே கருப்பையையும் எடுத்துவிட்டார்கள், தாய் மருந்துகளை நிறுத்திவிட்டார்.

இறந்தவரிடமிருந்து எடுக்கும்போது குழாய்களை வேண்டிய நீளத்துக்கு எடுக்கலாம், கொடையாளருக்குப் பின்விளைவு என்ற கவலை இல்லை. இடைஞ்சல் வேறு இடத்தில். எப்போது கிடைக்கும் என்று தெரியாது. இதயம், கல்லீரல், சிறுநீரகங்களை எடுக்கும் குழுக்களோடு ஒரே இரவில் ஒத்துழைக்க வேண்டும். கருப்பையின் தரத்தை முன்கூட்டியே விரிவாகச் சோதிக்க நேரம் இருக்காது. குடும்பத்தாரிடம் இதற்கென்று தனியாக அனுமதி கேட்கிறார்கள். கருப்பை என்றதும் பலர் தயங்குவதும் புரிகிறது. தளிர்மனம், உங்கள் குழுவுக்கு இந்த வழி இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். இருந்தால் அம்மாவின் மேல் இருக்கும் பாரமே வேறாகிவிடும்.

இளவேனில் எழுதியது:

எனக்கும் எம்ஆர்கேஎச். பெரியவர்கள் பேசத் தயங்கும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு யோனியும் முழுமையாக உருவாகியிருக்காது. விரிவாக்கிகளைப் பயன்படுத்திச் சிறிது சிறிதாக உருவாக்கிக்கொண்டவர்களும் உண்டு, அறுவை செய்துகொண்டவர்களும் உண்டு. குடலின் ஒரு பகுதியை வைத்து உருவாக்கியிருந்தால் சில குழுக்கள் ஏற்பதில்லை என்று என்னிடம் சொன்னார்கள். தளிர்மனம், உங்கள் பழைய அறுவைக் குறிப்புகள் ஏதாவது இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள். புதிய கருப்பையின் வாயோடு சேரும் இடம் பின்னர் சுருங்கிவிடுவதும் உண்டாம். கருவை வைப்பதற்கும் திசு எடுப்பதற்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

தளிர்மனம் எழுதியது:

இளவேனில், நன்றி. இதை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது. எனக்கு அறுவை இல்லை, விரிவாக்கிகள்தான்.

"திசு எடுப்பது" என்றால் அடிக்கடியா?

செவிலி_ஆம்பல் எழுதியது:

ஆம். சிறுநீரகத்தை உடல் நிராகரித்தால் இரத்தப் பரிசோதனையில் அறிகுறி தெரியும். கருப்பைக்கு அப்படி நம்பகமான இரத்தப் பரிசோதனை இல்லை. நிராகரிப்பு பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இல்லாமல் வரும். அதனால் குறிப்பிட்ட இடைவெளிகளில் கருப்பை வாயிலிருந்து துளித் திசு எடுத்துப் பார்ப்பார்கள். கர்ப்பத்தின்போதும் எடுப்பதுண்டு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிடலாம்.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைப் பற்றியும் கேளுங்கள். டாக்ரோலிமஸ், அசதியோபிரின், ஸ்டீராய்டு ஆகியவற்றைக் கர்ப்பத்தின்போது கொடுப்பதில் பல ஆண்டு அனுபவம் இருக்கிறது, ஏனெனில் சிறுநீரகம் பெற்ற ஆயிரக்கணக்கான பெண்கள் இவற்றோடு குழந்தை பெற்றிருக்கிறார்கள். மைக்கோஃபீனோலேட் மட்டும் கருவுக்குக் கேடு. ஆரம்பத்தில் அதைக் கொடுத்தால் கருவை வைப்பதற்குப் போதிய காலம் முன்பே மாற்றிவிட வேண்டும். எப்போது மாற்றுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டதா? நின்றிருந்தாலும் தடையில்லை, ஹார்மோன் கொடுத்தால் உட்சுவர் வளரும். ஆனால் கருப்பைத் தமனிகள் வயதோடு தடித்துச் சுருங்கியிருக்கின்றனவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இரத்தப் பிரிவுப் பொருத்தம், கருப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி வைரஸ், முந்தைய பிரசவங்கள், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கேட்பார்கள்.

நீலவானம் எழுதியது:

எல்லோரும் தொடங்குவதைப் பற்றியே எழுதுகிறீர்கள். நிறுத்துவதைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் முடிவை நாங்கள் எடுத்தது அந்தக் கேள்வியில்தான்.

கரு வைத்தும் தங்கவில்லை என்றால் எத்தனை முறை முயல்வீர்கள்? சினைமுட்டை எடுப்பது, பொருத்துவது, சிசேரியன், கடைசியில் எடுப்பது என்று உங்கள் உடல் தாங்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. நடுவில் எங்கே நின்றாலும், கருப்பையை எடுக்கும் அறுவை மிச்சம் இருக்கும். அம்மா கொடுத்ததாயிற்றே என்ற எண்ணமே உங்களை நிறுத்தவிடாமல் தள்ளிக்கொண்டு போகும். எங்கள் அக்கா கொடுத்திருந்தால் என்னால் நிறுத்தியிருக்கவே முடியாது. அவள் முகத்தைப் பார்த்து "போதும், எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்" என்று சொல்வதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

அறுவைக்கு முன்பே நீங்கள், உங்கள் கணவர், அம்மா மூவரும் உட்கார்ந்து, எது நடந்தால் நிறுத்துவது என்று முடிவு செய்து எழுதிவையுங்கள். நிறுத்தும் உரிமை உங்களுக்கு மட்டும்தான் என்பதை அம்மா வாயால் சொல்லட்டும்.

தளிர்மனம் எழுதியது:

இன்று அம்மாவிடம் தனியாகப் பேசினேன். சமையலறையில் இருவரும் தரையில் உட்கார்ந்துகொண்டோம். ஆம்பல் அக்கா எழுதியதில் கொடையாளர் பற்றிய பத்தியை முழுவதும் படித்துக் காட்டினேன். சிறுநீர்க்குழாய் பற்றிய இடத்தில் அம்மா என்னை நிறுத்தி, "அப்படி ஆனால் ஆயுளுக்கும் பையோடு திரிய வேண்டுமா?" என்று கேட்டார். இத்தனை நாளில் அவர் தன்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நிம்மதியில் வந்த அழுகைதான்.

இன்னமும் கொடுக்கவே விரும்புகிறார். ஆனால் இப்போது அவரும் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறார். தன் கைப்பட. முதல் சந்திப்புக்கு அவர் மட்டும் தனியாக, நாங்கள் யாரும் உடன் வராமல், ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவமனையிடம் கேட்டிருக்கிறேன். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. கணவர் அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். இறந்தவரின் கருப்பைக்குப் பதிவு செய்யும் வழி இருக்கிறதா என்பதையும் எங்கள் பட்டியலில் முதலிடத்துக்கு மாற்றிவிட்டோம்.

ஒற்றைச்சிறுநீரகம் அண்ணா, உங்கள் பெயரைப் பார்த்ததும் நினைவுக்கு வந்த ஒரு கேள்வி. எனக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான். எம்ஆர்கேஎச் உள்ளவர்களில் பலருக்கு அப்படி இருக்கும் என்று பதினாறு வயதில் சொன்னார்கள். அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

செவிலி_ஆம்பல் எழுதியது:

உண்டு, தோழி. இதை முதலிலேயே தெரிந்துகொண்டது நல்லது. டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. கர்ப்பகால இரத்த அழுத்தமும் சிறுநீரகத்துக்குச் சுமைதான். ஒரே சிறுநீரகம் உள்ளவர்களுக்குப் பொருத்திக் குழந்தை பிறந்ததும் உண்டு, ஆனால் அவர்களுக்கு இரத்த அழுத்தச் சிக்கல் கூடுதலாக வரக்கூடும் என்பதால் சில குழுக்கள் அவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை.

அம்மாவுக்கு எந்தப் பரிசோதனையும் தொடங்குவதற்கு முன்பு உங்கள் சிறுநீரகத்தைப் பாருங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம், ஒரு ஸ்கேன். பதினாறு வயதில் எடுத்த பழைய ஸ்கேன் அறிக்கையையும் தேடி எடுங்கள். கருப்பை மாற்றுக் குழுவைச் சாராத ஒரு சிறுநீரக மருத்துவரிடம் அதைக் காட்டி, அவர் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு சந்திப்புக்குப் போங்கள். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், அடுத்த கேள்விகளை அதை வைத்துப் பார்ப்போம்.